அத்தியாயம் 9: உறையுலர்த்தல் யந்திரத்தில் முதற் பயிற்சித் தொகுதி

பாம்புக்கடிக்கு இடும் மாற்று மருந்து நம் நாட்டு மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் திரவமாக வந்து சேர்வதில்லை. குப்பியின் அடியில் படிந்த வெளிறிய கட்டியாகவே வருகிறது. அதில் 10 மில்லி ஊசி ஜலத்தை விட்டு, நுரை எழாதபடி மெல்லச் சுழற்றிக் கரைத்த பிறகே நோயாளியின் இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அந்த மருந்துக்கு மூலமான விஷத்தையும், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கியே மருந்துச் சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். கிண்டியில் 1899-இல் ஸ்தாபிக்கப்பட்ட கிங் நிலையம், பெரியம்மை ஒழிப்பு மும்முரமாக நடந்த காலத்தில், இதே முறையால் உலர்த்திய அம்மைப்பாலைத் தயாரித்த நாலைந்து இந்திய நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. திரவ அம்மைப்பால் நமது வெயிலில் சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். உலர்த்திய அம்மைப்பாலோ 37 டிகிரி உஷ்ணத்தில் நான்கு வாரம் இருந்தும் பயன் குன்றக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் விதி செய்திருந்தது. குளிர்ப்பெட்டி எட்டாத கிராமங்களில் அந்நோயை வெல்ல முடிந்ததற்கு இந்த உலர்ந்த பொடி ஒரு பிரதான காரணம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியை அடுத்த திருமழிசையிலோ ஒரு சிறு மருந்துச் சாலையில் வேலைக்குச் சேர்ந்து, தொழிலாளர் வாயில் ‘லயோ’ என்று சுருக்கமாக வழங்கும் இந்த உறையுலர்த்தல் யந்திரத்தின் முன் முதன்முறையாக நிற்கும் பார்மசிப் பட்டதாரிக்கும், அத்தகைய யந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் சிறுதொழில் முதலாளிக்கும் இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. இங்கே நாம் செய்யப்போவது மருந்தன்று. மானிட்டால் என்னும் சாதாரணச் சர்க்கரை ஆல்கஹாலைக் கரைத்து உலர்த்திப் பழகப்போகிறோம். இந்தக் குப்பிகளில் ஒன்றுகூட எந்த உயிரின் உடம்பிலும் ஏறக்கூடாது. ‘பயிற்சிக்கு மட்டும், மருந்தன்று’ என்ற சீட்டை ஒவ்வொரு தட்டிலும் ஒட்டிவிட்டே வேலையைத் தொடங்குக.

தத்துவம் இவ்வளவு போதும்

பூஜைச் சம்புடத்தில் வைத்த கற்பூரம் உருகாமலே சிறுத்துப்போவதுபோல, பனிக்கட்டியும் சூழ்ந்துள்ள அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே இறங்கிவிட்டால், ஜலமாக மாறாமல் நேரே ஆவியாகிவிடும். கணக்கு எளிது. 30 டிகிரி மைனஸில் உள்ள பனியின் ஆவியழுத்தம் 38 பாஸ்கல்; குப்பிகள் நிற்கும் யந்திர அறையில் நாம் வைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 13 பாஸ்கல்; 60 டிகிரி மைனஸில் உள்ள கண்டென்சர்ச் சுருளின் மேல் படிந்த பனிக்கு 1 பாஸ்கல். உயர்ந்த அழுத்தத்திலிருந்து தாழ்ந்ததை நோக்கி ஆவி தானே ஓடிச் சுருளில் உறைகிறது. ஆவியைப் பிடிப்பது பம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். பம்ப் காற்றைத்தான் வெளியேற்றுகிறது, ஆவியைப் பிடிப்பது கண்டென்சரே.

இன்னொரு செய்தியை மனத்தில் இருத்துக. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓர் எல்லை உஷ்ணம் உண்டு. உலர்கையில் அதைத் தாண்டினால் கட்டி தன் உருவத்தை இழந்து அமுங்கிவிடும். படிகமான மானிட்டாலுக்கு அது மைனஸ் ஒன்றரை டிகிரி அளவில், சாதாரண உப்புக்கு மைனஸ் 21-இல், கரும்புச் சர்க்கரைக்கு மைனஸ் 32-ஐ ஒட்டி இருக்கிறது. எல்லைக்குள் இருக்கும்வரை, பனியின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்தினால் உலர்த்தும் நேரம் சுமார் 13 சதவீதம் குறையும். ஆகையால் நேரத்தை மிச்சப்படுத்த விரும்புகிறவன் எப்போதும் அந்த விளிம்பை நோக்கியே தள்ளப்படுகிறான். இத்தொழிலின் நஷ்டங்களில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. எல்லைக்கு இரண்டு முதல் ஐந்து டிகிரி தாழ நிற்பதே விவேகம்.

மின்சாரம், ஜலம், மழை

புத்தகங்களில் இந்தப் பகுதி இராது. ஆனால் நமது வட்டாரத்தில் தொகுதிகள் கெடுவது யந்திரக் கோளாற்றால் மட்டுமன்று.

உலர்த்தல் நடுவில் மின்சாரம் நின்றால், ஜெனரேட்டர் சில விநாடிகளில் எழுந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் குளிர்சாதனக் கம்பிரசர்கள் நின்ற மறுகணமே மீண்டும் ஓடமாட்டா, சில நிமிஷ இடைவெளி கேட்கும். அதற்குள் கட்டுப்பாட்டுக் கணினியும் அணைந்து எழுந்து, நிகழ்ச்சி நிரலை எந்தப் படியிலிருந்து தொடர்வது என்று தெரியாமல் நிற்கும். கணினிக்குத் தனி யு.பி.எஸ். அமைப்பதோடு, குப்பிகளில் வெறும் ஜலத்தை நிரப்பி ஓட்டி, வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்து, யந்திரம் என்ன செய்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுக. கண்டென்சருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வு தானே மூடிக்கொள்கிறதா என்பதே அச்சோதனையில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது.

இப்பகுதியின் ஆழ்குழாய் ஜலம் பெரும்பாலும் கடினமானது. அதை அப்படியே கூலிங் டவரில் விட்டால் குழாய்களில் உப்புப் படிந்து, சித்திரை வைகாசி வெயிலில் கம்பிரசர் அதிக அழுத்தத்தால் ‘ட்ரிப்’ ஆகும். மென்னீர்ச் சாதனம் வைத்தல் அவசியம். அன்றியும், குப்பிகளை உறையவைக்கும் நேரமே கம்பிரசருக்கு மிகுந்த பாரமாதலால், தொகுதியை மாலை 4 மணிக்கு ஏற்றி, உறைதலை இரவின் குளிர்ச்சியில் நடத்துவது நல்லது. முதல் உலர்த்தல் முடியும் தறுவாயும் அப்போது பகற்பொழுதில், அனுபவசாலிகள் விழித்திருக்கும் வேளையில் வந்து வாய்க்கக்கூடும்.

2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. வேக்கம் பம்பையும் மின்பெட்டியையும் தரைமட்டத்தில் வைக்காமல் உயர்ந்த மேடைமீது நிறுத்துக.

வேண்டிய பொருள்கள்

10 மில்லி கொள்ளும் போரோசிலிகேட் கண்ணாடிக் குப்பிகள் 200, பள்ளம் வெட்டிய புரோமோபியூட்டைல் ரப்பர் அடைப்பான்கள் 200, மானிட்டால் 30 கிராம், ஊசி ஜலம். கரைசலின் மொத்த அளவு 600 மில்லி, அதாவது 5 சதவீதம். குப்பிக்கு 3 மில்லி ஊற்றினால் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். இதைவிட உயரமாக ஊற்றுவதால் உற்பத்தி பெருகாது. உலர்த்தும் நேரமே பெருகும், மானிட்டாலாயின் குப்பி வெடிப்பதும் உண்டு. இத்தொகுதியில் நீக்க வேண்டிய ஜலம் ஏறக்குறைய 580 கிராம். உங்கள் கண்டென்சர் அவ்வளவு பனியைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்க.

குறிப்பு: ஆட்டோகிளேவில் வெந்த அடைப்பான்கள் நீராவியைக் குடித்திருக்கும். அவற்றை 105 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்தாமல் பொருத்தினால், அந்த ஈரம் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து, நாம் பாடுபட்டு உலர்த்திய கட்டியை உள்ளிருந்தே நனைத்துவிடும்.

செய்முறை வரிசை

1. முந்திய தொகுதியின் பனி கண்டென்சரில் முற்றும் உருகி வடிந்துவிட்டதா என்று பாருங்கள். கதவின் ரப்பர் வளையத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். கசிவுகளில் பெரும்பாலானவை இந்த வளையத்தில் ஒட்டிய ஒரு நூலால் வருபவையே.

2. காலி யந்திரத்தில் வேக்கம் ஏற்றி, வால்வை மூடி, அழுத்தம் எவ்வளவு வேகமாக உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 0.02 மில்லிபார் லிட்டர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மேல்வரம்பு. இது தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, குப்பிகளில் நிரப்பி, அடைப்பான்களைப் பாதி மட்டும் அழுத்தி வையுங்கள். பள்ளம் வெளியே தெரிய வேண்டும். ஆவி போகும் வழி அதுவே.

4. குப்பிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்குங்கள். நான்கு குப்பிகளில் உஷ்ணமானிக் கம்பி இறக்குக: இரண்டு நடுவில், இரண்டு ஓரத்தில். கம்பியின் முனை குப்பியின் அடிமட்டத்தில், நடுமையத்தில் நிற்க வேண்டும்.

5. தட்டுகளை 5 டிகிரியில் அரைமணி நிறுத்தி எல்லாக் குப்பிகளையும் ஒரே நிலைக்குக் கொணர்க. பிறகு நிமிஷத்துக்கு அரை டிகிரி வீதம் மைனஸ் 40-க்கு இறக்கி, 2 மணி நேரம் நிறுத்துக.

6. தட்டை மைனஸ் 20-க்கு உயர்த்தி 2 மணி நேரம் வைத்து, மீண்டும் மைனஸ் 40-க்கு இறக்கி ஒரு மணி நிறுத்துக. மானிட்டால் நன்கு படிகமாவதும், பனித்துகள்கள் பருத்து ஆவிக்கு வழி அகலமாவதும் இந்தப் படியில்தான். அவசரக்காரர்கள் முதலில் வெட்டும் படியும் இதுவே. வெட்டிய மணிகளை உலர்த்தலில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க நேரும்.

7. கண்டென்சரைக் குளிரவிடுங்கள். மைனஸ் 60-ஐ எட்டும் வரை வேக்கம் பம்பைத் தொடாதீர்கள்.

8. பம்பை இயக்கி அழுத்தத்தை 13 பாஸ்கலுக்குக் கொண்டுவந்து, அது ஸ்திரமாக நின்ற பிறகே தட்டின் உஷ்ணத்தை நிமிஷத்துக்கு அரை டிகிரி வீதம் மைனஸ் 10-க்கு உயர்த்துக. முதல் உலர்த்தல் இங்கே தொடங்குகிறது. பனி ஆவியாக ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 2,840 ஜூல் உஷ்ணத்தை விழுங்குவதால், தட்டு மைனஸ் 10-இல் இருந்தாலும் குப்பிக்குள் பனி அதைவிட வெகு தாழ்வாகவே நிற்கும். கம்பிகளின் எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

9. முதல் உலர்த்தல் முடிந்தது உறுதியான பின், நிமிஷத்துக்கு 0.2 டிகிரி வீதம் 40 டிகிரிக்கு உயர்த்துக. இதற்கு நான்கு மணிக்குச் சற்று அதிகமாகும். அங்கே 4 முதல் 5 மணி நேரம் நிறுத்துக.

10. வடிகட்டிய நைட்ரஜனை விட்டு, அழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கையிலேயே தட்டுகளை அழுத்தி அடைப்பான்களை மூடுக. பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் மூடாத குப்பி ஒன்று சில நிமிஷங்களிலேயே ஈரத்தை வாங்கத் தொடங்கும்.

பனி தீர்ந்ததா என்று அறிவது

எட்டாம் படியில் நான் மணிக்கணக்கு எதுவும் கொடாமல் விட்டது மறதியால் அன்று. மற்றொரு தொழிற்சாலையின் மணிக்கணக்கை எழுதிவைத்துக்கொண்டு ஒன்பதாம் படிக்குத் தாவுவதே இத்தொழிலில் மிகவும் பரவியுள்ள பிழை. ஒரே கரைசல் ஒரு யந்திரத்தில் பன்னிரண்டு மணியிலும் வேறொன்றில் ஒரு நாளிலும் உலரக்கூடும். பனி எஞ்சியிருக்கையில் தட்டின் உஷ்ணத்தை உயர்த்தினால் அந்தப் பனி குப்பிக்குள்ளேயே உருகி, அதுவரை உலர்ந்த கட்டியையும் கரைத்துவிடும்.

பனி தீர்ந்ததைக் காட்ட மலிவானதும் நம்பத்தக்கதுமான வழி, அறையில் இரண்டு விதமான அழுத்தமானிகளை அருகருகே வைப்பதாகும். கொள்ளளவு (கப்பாசிட்டன்ஸ்) மானி எந்த வாயுவாயினும் உண்மை அழுத்தத்தையே காட்டும். பிரானி மானியோ வாயு உஷ்ணத்தைக் கடத்தும் திறனைக்கொண்டு அழுத்தத்தைக் கணிப்பதால், நைட்ரஜனுக்கு அளவு செய்த அந்த மானி, அறை முழுதும் நீராவி நிறைந்துள்ளபோது உண்மையைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு காட்டும். ஆகவே முதல் உலர்த்தல் மும்முரமாக நடக்கையில் ஒன்று 13 என்றும் மற்றது 21 என்றும் நிற்கும். மணிகள் செல்லச் செல்ல 21 அசையாது. பழகாதவர் கருவி கெட்டுவிட்டதென்று தட்டிப்பார்ப்பதுண்டு. பிறகு ஒரு கட்டத்தில் 20, 18, 15 என்று சரிந்து, கடைசியில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகும். ஆவி நின்று, அழுத்தத்தை நிலைநிறுத்த விடும் நைட்ரஜனே அறையில் மிஞ்சியிருக்கிறது என்பது அதன் பொருள். அவ்விரண்டும் கூடிய பின்னும் இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தே அடுத்த படிக்குச் செல்க.

உஷ்ணமானிக் கம்பியை மட்டும் நம்பினால் ஏமாற்றம் உண்டு. கம்பி இறங்கிய குப்பி மற்றவற்றுக்கு முன்னரே உறைந்து, பெரிய பனித்துகள்களோடு மற்றவற்றுக்கு முன்னரே உலர்ந்துவிடும். ஓரக் குப்பிகளும் கதவு, சுவர்களின் உஷ்ணத்தை வாங்கி முந்திக்கொள்ளும். கடைசியில் உலர்வது நடுத்தட்டின் நடுக்குப்பி. நாம் காத்திருக்க வேண்டியது அதற்காகவே.

குப்பியைப் பார்த்துப் பிழையை அறிதல்

கட்டியின் அடிப்பாகம் மட்டும் குழிந்து கண்ணாடிபோல் பளபளத்தால், பனி தீருமுன் உஷ்ணம் உயர்ந்துவிட்டது. கட்டி முழுதும் சுருங்கிப் பிசினாக ஒட்டியிருந்தால், எல்லை உஷ்ணத்தைத் தாண்டியிருக்கிறது. இதை நேரில் காண விரும்புவோர் இரண்டாவது பயிற்சியாக மானிட்டாலுக்குப் பதில் 5 சதவீதச் சர்க்கரைக் கரைசலை, ஆறாம் படியை விடுத்து, தட்டை 10 டிகிரிக்கு உயர்த்தி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு தொகுதியைத் தெரிந்தே கெடுப்பது வீண்செலவன்று. கண்டென்சர் குளிருமுன் பம்பை ஓட்டியிருந்தால் பழுது குப்பியில் தெரியாது, பம்பின் எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். அதை உடனே மாற்றுக. குப்பிகளின் அடி வட்டமாகப் பிளந்திருந்தால், கரைசலின் உயரத்தையும் குளிர்த்திய வேகத்தையும் குறைக்க வேண்டும்.

தொகுதியில் பல இடங்களிலிருந்து குப்பிகளை எடுத்து, எஞ்சிய ஈரத்தைக் கார்ல் ஃபிஷர் முறையில் அளக்கவும். நடுக்குப்பிக்கும் ஓரக்குப்பிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே எழுதுக. சராசரியை மட்டும் எழுதிய பதிவேடு பயனற்றது.

அபாயங்கள்

• நைட்ரஜனுக்கு மணமில்லை. மூடிய அறையில் அது கசிந்தால் மூச்சுத்திணறல் உணருமுன்னரே நினைவு தப்பும். பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் கூவும் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துக. பெரிய யந்திர அறைக்குள் தலையை நீட்டுமுன் அதன் காற்றைச் சோதித்தே ஆக வேண்டும்.

• 121 டிகிரி நீராவியால் அறையைச் சுத்திகரிக்கையில் கதவின் பூட்டுக் காப்பை ஒருபோதும் தாண்டிச் செயற்படாதீர்கள். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று அதைக் கம்பியால் கட்டிவைக்கும் பழக்கம் சில கூடங்களில் உண்டு. அது கொலைக்கு ஒப்பானது.

• கண்டென்சர்ச் சுருளை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டி உரியும்.

• கண்ணாடிக் குடுவை பொருத்தும் சிறிய மேசை யந்திரமாயின், கீறல் விழுந்த குடுவை வேக்கத்தில் உள்நோக்கி வெடிக்கும். முகக்கவசம் அவசியம்.

• புற்றுநோய் மருந்துகளின் உலர்ந்த பொடி காற்றில் எழும். தனிக்கூடமும் தனிப்பயிற்சியும் இன்றி அவற்றை ஏற்கக்கூடாது.

புதிய சாதனங்களில் எதை வாங்குவது

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் இத்துறையில் பெருகிய புதுமைகளை உற்றுநோக்கினால், அவற்றில் பெரும்பாலானவை, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனியின் உஷ்ணம் இப்போது எவ்வளவு, அது எப்போது தீரும் என்ற பழைய கேள்விக்கே விடை தேடுகின்றன. அவற்றுள் முதலாவதாக வாங்கத்தக்கது மேலே சொன்ன இரட்டை மானி. அடுத்தது அழுத்த எழுச்சிச் சோதனை: அறைக்கும் கண்டென்சருக்கும் இடையிலுள்ள வால்வைச் சுமார் 25 விநாடி மூடி, அழுத்தம் உயரும் போக்கிலிருந்து பனியின் உஷ்ணத்தைக் கணினி கணித்துச் சொல்லும். விரைந்து மூடும் வால்வு உள்ள யந்திரத்தில் இதைச் சேர்ப்பது கடினமன்று.

உறைதலை ஆளும் சாதனம் மூன்றாவது. தூசற்ற கூடத்தில் நிரப்பிய குப்பி மைனஸ் 10, 15 டிகிரி வரைக்கும் உறையாமல் அடம்பிடித்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் உறைகிறது. ஆய்வுக்கூடத்தில் தேறிய நிரல் உற்பத்திக் கூடத்தில் தவறுவதற்கு இது பெரிய காரணம். அறையில் வாயுவை அழுத்தமாக ஏற்றித் திடீரென்று விடுவித்தாலோ, பனிமூட்டத்தைப் புகுத்தினாலோ எல்லாக் குப்பிகளும் ஒரே கணத்தில் உறைகின்றன. பயன் மெய்யானது, விலையும் அதிகம். ஒரு மருந்து நிலையாக விற்கத் தொடங்கிய பிறகு இதை யோசிக்கலாம். ஆவியின் வேகத்தை லேசர் ஒளியால் அளக்கும் கருவியும், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் வளர்த்த, குப்பியைச் சுழற்றியபடி ஒவ்வொன்றாகத் தொடர்ந்து உலர்த்தும் முறையும் சிறு கூடங்களுக்கு இன்று எட்டாதவை. அறிந்து வைத்திருந்தால் போதும்.

இவற்றைவிட அவசரமான செலவு வேறொன்று உண்டு. 2023 டிசம்பரில் வெளியான, மருந்து விதிகளின் திருத்திய ‘எம்’ அட்டவணை, சிறு மருந்துச் சாலைகளையும் தரக்கட்டுப்பாட்டில் உயர்ந்த படிக்கு ஏறச் சொல்கிறது. ஐரோப்பாவுக்கு அனுப்ப எண்ணுவோர்க்கு, கையால் குப்பி ஏற்றும் யந்திரத்தை ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ளது. நீராவிச் சுத்திகரிப்பு வசதியில்லாத பழைய யந்திரம் மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது அழைத்தால், ஊசி மருந்துக்காக அதை வாங்காதீர்கள்.

பயிற்சிக்குப் பின்

குப்பிகளை எண்ணி, அடைப்பான்களைத் திறந்து, கட்டியைக் கரைத்துக் கொட்டி, 200-உம் அழிந்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுக. மானிட்டால் ஓட்டம் ஒரே மாதிரியான முடிவை மூன்று முறை தொடர்ந்து தந்த பிறகே மெய்யான மருந்தை எண்ணலாம். அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்தாயினும், சோதனைக்காகத் தயாரிக்கக்கூட 30-ஆம் படிவத்தில் விண்ணப்பித்து 29-ஆம் படிவ உரிமம் பெற வேண்டும்; தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அலுவலகம் சென்னைத் தேனாம்பேட்டையில் இருக்கிறது. அந்த உரிமம் கைக்கு வருமுன் மருந்தின் மூலப்பொருள் ஒரு கிராம்கூட உங்கள் கூடத்துக்குள் நுழையக்கூடாது.